அரசர் வந்த வழியும் தானியம் வந்த வழியும்: கதான்ஸ்க்

போலந்தின் வடக்கே, விஸ்துலா ஆறு பால்டிக் கடலைச் சேரும் இடத்துக்கு அருகில், மோட்லாவா என்னும் சிற்றாற்றின் கரையில் அமைந்திருக்கிறது கதான்ஸ்க். ஜெர்மானியர் இதை டான்சிக் என்று அழைத்தனர். நகரைச் சுற்றிப் பார்க்க வருபவர்களை வழிகாட்டிகள் பெரும்பாலும் மேற்கே மேட்டு வாயில் எனப்படும் 16-ஆம் நூற்றாண்டுக் கோட்டை வாயிலில் கூட்டுகிறார்கள். அங்கிருந்து பொன் வாயில், நீண்ட தெரு, நீண்ட சந்தை வழியாகக் கிழக்கே ஆற்றோரத்துப் பச்சை வாயில் வரை நிற்காமல் நடந்தால் பத்து நிமிடம்தான். போலந்து அரசர்கள் பவனி வந்த பாதை என்பதால் இதற்கு அரச வழி என்று பெயர். ஆனால் அரசர்கள் எப்போதாவதுதான் வந்தார்கள். நகரை வளர்த்த பணம் ஆண்டுதோறும் எதிர்ப்பக்கத்திலிருந்து, ஆற்று வழியாக வந்தது. கதான்ஸ்கின் கட்டடங்களைப் புரிந்துகொள்ள இந்தப் பாதையை அதன் முடிவிலிருந்து தொடங்குவதே நல்லது.

நகரின் பெயர் எழுத்தில் முதலில் வருவது 997-ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்றில். பிரஷ்யர்களிடையே மதம் பரப்பச் சென்ற பிராக் நகரத்து ஆயர் அடல்பெர்ட், போகும் வழியில் இங்கே பலருக்கு ஞானஸ்நானம் செய்வித்ததாக அவருடைய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. 1308-இல் டியூட்டானிக் சங்கத்தின் வீரத்துறவிகள் நகரைப் பிடித்தனர். அவர்கள் காலத்தில் ஊர் பெருத்தது. வட ஐரோப்பிய வணிக நகரங்களின் ஹன்சா கூட்டமைப்பிலும் அது சேர்ந்தது. ஆனால் ஆள்பவர்களே தானியமும் அம்பரும் விற்கும் போட்டி வியாபாரிகளாகவும் இருந்தார்கள். வரியும் கட்டி, வாடிக்கையும் இழப்பதை வணிகர்கள் எத்தனை நாள் பொறுப்பார்கள்? 1454-இல் கிளர்ந்தெழுந்த நகரத்தார் சங்கத்தின் கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டுப் போலந்து அரசர் நான்காம் காசிமிர் பக்கம் சேர்ந்தனர். தொடர்ந்த பதின்மூன்றாண்டுப் போருக்குப் பெரும் பணத்தைக் கதான்ஸ்க் கொடுத்தது. பதிலுக்கு அரசர் கொடுத்த உரிமைகள் ஒரு தனி நாட்டுக்குக் கொடுப்பதைப் போன்றவை: சொந்த நாணயம், சொந்த நீதி நிர்வாகம், துறைமுகத்தின் மீது முழு அதிகாரம். 1466-இல் போர் முடிந்தபோது, கிராக்கோவிலிருந்து கடல் வரை விஸ்துலா ஆறு ஒரே முடியின் கீழ் வந்திருந்தது. அந்த ஆற்றின் வாய் கதான்ஸ்கின் கையில் இருந்தது.

அடுத்த இருநூறு ஆண்டுகளின் கதை தானியத்தின் கதை. மேற்கு ஐரோப்பாவில் மக்கள்தொகை பெருகி உணவுக்குத் தட்டுப்பாடு வந்தது. நெதர்லாந்தின் நகரங்கள் தங்கள் வயல்களை நம்பி வாழ முடியாத நிலைக்கு வந்திருந்தன. போலந்துப் பிரபுக்களின் பண்ணைகளிலோ ரையும் கோதுமையும் விளைந்து குவிந்தன. வாரத்தில் பல நாள் கூலியில்லாமல் பிரபுவின் நிலத்தில் உழைக்கக் கட்டுப்பட்ட பண்ணையடிமைகள் விளைவித்த தானியம் அது. ஏற்றுமதி விலை ஏற ஏற அவர்களுடைய உழைப்பு நாட்களும் கூடின. கதான்ஸ்கின் அழகிய முகப்புகளைப் பார்க்கும்போது நினைவில் கொள்ள வேண்டிய கணக்கு இது. நகரில் வேறெங்கும் அது எழுதிவைக்கப்படவில்லை.

அறுவடைத் தானியம் ஆற்று நீர் உயரும்போது தட்டையான பெரிய படகுகளிலும் மரக்கட்டைத் தெப்பங்களிலும் ஏறியது. ஃப்ளிசாக் எனப்பட்ட தெப்பக்காரர்கள் வாரக்கணக்கில் ஆற்றோடு மிதந்து வந்து கதான்ஸ்கில் சரக்கை இறக்குவார்கள். தெப்பங்கள் திரும்பிப் போவதில்லை. அவற்றின் கட்டைகளும் கப்பல் கட்டுவதற்கு விலைபோகும். தாரும் பொட்டாஷும் இதே வழியில் வந்தன. மறுபக்கம் டச்சுக் கப்பல்கள் உப்பு, ஹெர்ரிங் மீன், துணி, ஒயின், வாசனைப் பொருள்களை ஏற்றிவந்து தானியத்தோடு திரும்பின. உச்சமாக 1618-இல் ஒரு லட்சம் லாஸ்ட்டுக்கும் மேற்பட்ட தானியம் இத்துறையிலிருந்து கப்பலேறியது. ஒரு லாஸ்ட் இரண்டு டன்னுக்குச் சற்று மேல்.

விளைவித்தவர் போலந்துப் பிரபு, வாங்கியவர் ஆம்ஸ்டர்டாம் வணிகர் என்றாலும் லாபத்தின் கொழுத்த பங்கு நடுவில் இருந்தவருக்கே போனது. வெளியூர் வணிகர் இருவர் கதான்ஸ்கில் ஒருவருக்கொருவர் நேரடியாக விற்று வாங்கக் கூடாது என்பது நகரச் சட்டம். எல்லாச் சரக்கும் நகரக் குடியுரிமை பெற்ற வணிகர் கை மாறித்தான் போக வேண்டும். இந்த இடைத்தரகு உரிமைக்காகக் கதான்ஸ்க் அரசரோடு போர் தொடுக்கவும் தயங்கவில்லை. புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசர் ஸ்டீஃபன் பாத்தோரியை ஏற்க மறுத்த நகரை 1577-இல் அவருடைய படை முற்றுகையிட்டது, பிடிக்க முடியவில்லை. இறுதியில் நகரம் அவரை அரசராக ஏற்று இரண்டு லட்சம் ஸ்லோட்டி கட்டியது. அவரும் அதன் உரிமைகளை உறுதிசெய்தார்.

பச்சை வாயிலுக்கு எதிர்க்கரையில் உள்ள களஞ்சியத் தீவு இந்த வியாபாரத்தின் கிடங்கு. 1576-இல் புதிய மோட்லாவா கால்வாயை வெட்டியபோதுதான் இப்பகுதி முழுத் தீவானது. நாற்புறமும் நீர் இருந்தால் திருடரையும் அக்கம்பக்கத்துத் தீயையும் தடுக்கலாம் என்பது எண்ணம். நகரின் செழிப்பான நாட்களில் இங்கே முந்நூறுக்கும் மேற்பட்ட களஞ்சியங்கள் இருந்தன. எண்ணுக்குப் பதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரும் அடையாளச் சின்னமும் உண்டு. இரவில் ஆட்களை வெளியேற்றிவிட்டுக் காவல் நாய்களை அவிழ்த்துவிடுவது வழக்கம்.

பச்சை வாயில் உள்ள கரையோரத்தில் நடந்தால் கதான்ஸ்கின் அடையாளமாகிவிட்ட பாரந்தூக்கி தெரியும். போலிஷ் மொழியில் ஜுராவ். இரண்டு தடித்த செங்கல் கோபுரங்களுக்கு நடுவே, கரிய மரத்தாலான உயரமான கூடம் ஆற்றின் மேல் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறது. இது நகர வாயிலாகவும் இருந்தது. பழைய பாரந்தூக்கி எரிந்தபின் 1440-களில் இன்றைய வடிவில் கட்டப்பட்டது. உள்ளே இருப்பவை மனிதர் நின்று மிதிக்கும் பிரம்மாண்டமான மரச் சக்கரங்கள். சக்கரத்தின் உள்வட்டத்தில் ஆட்கள் ஏறிக்கொண்டே இருக்க, அச்சில் கயிறு சுற்றிப் பாரம் மேலெழும். சுமார் நான்கு டன் எடையைப் பதினோரு மீட்டர் உயரத்துக்குத் தூக்க அதனால் முடிந்தது. ஒயின் பீப்பாய்களையும் கப்பலுக்கு வேண்டிய நிறைகற்களையும் தூக்கியதோடு, மேல் சக்கரங்களைக் கொண்டு கப்பல்களில் பாய்மரம் நாட்டவும் அது பயன்பட்டது. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை வேலை செய்தது. கால் தவறினால் அல்லது கயிறு நழுவினால் சக்கரம் பின்னோக்கிச் சுழன்று உள்ளே இருப்பவரை நசுக்கிவிடும். இவ்வளவு பெரிய இயந்திரத்துக்கு மனிதக் காலைத் தவிர வேறு விசை கிடையாது.

இப்போது பச்சை வாயில் வழியாக நகருக்குள் திரும்பலாம். 16-ஆம் நூற்றாண்டில் டச்சுப் பாணியில் எழுந்த இந்த வாயில், அரசர் வந்தால் தங்குவதற்கென்று கட்டப்பட்டது. அரசர்கள் இதில் தங்கியது மிக அரிது. பொன் வாயிலை ஆபிரகாம் வான் டென் பிளாக்கும், பெரிய ஆயுதச்சாலையை அந்தோனிஸ் வான் ஒபர்கனும் வடிவமைத்தனர். பெயர்களிலேயே தெரிகிறது தானியக் கப்பல்கள் எங்கிருந்து வந்தன என்று. சரக்கு ஏற்ற வந்த கப்பல்களோடு கட்டடக் கலைஞர்களும், மதத் துன்புறுத்தலுக்குத் தப்பி வந்த மென்னோனைட் குடியேறிகளும் வந்து இறங்கினார்கள். விஸ்துலா முகத்துவாரச் சதுப்பு நிலத்தை நீர் வடித்து விளைநிலமாக்கியது அந்தக் குடியேறிகள்தான்.

நீண்ட சந்தையில், வணிகர்கள் கூடிய ஆர்தர் மன்றத்துக்கு முன்னால் கையில் திரிசூலத்தோடு நிற்கும் நெப்டியூன் சிலை 1633-இல் நீரூற்றாக நிறுவப்பட்டது. ஒளிப்படத்துக்காக எல்லோரும் அங்கேதான் நிற்கிறார்கள். உண்மையில் நேரம் செலவிட வேண்டிய இடம் பக்கத்து நகர மன்றம். அதன் சிவப்பு மண்டபக் கூரையில் ஐசக் வான் டென் பிளாக் 1608-இல் வரைந்த ஓவியம் இருக்கிறது. அதில் விஸ்துலா தெப்பங்களைச் சுமந்து மலையிலிருந்து கடலுக்கு ஓடுகிறது. கீழே கதான்ஸ்க் வணிகர் ஒருவர் போலந்துப் பிரபுவோடு கைகுலுக்குகிறார். மேகத்திலிருந்து நீளும் கடவுளின் கை நகர மன்றக் கோபுரத்தின் நுனியைத் தொடுகிறது. நகர ஆட்சியாளர்கள் கூடிப் பேசிய அறையின் உச்சியில் இப்படி ஒரு படம்! தெப்பக்காரருக்கு அதில் இடம் உண்டு, பண்ணையடிமைக்கு இல்லை. அதே கோபுரத்தின் உச்சியில் பொன்முலாம் பூசிய அரசர் சிகிஸ்மண்ட் அகஸ்டஸின் உருவம் நிற்கிறது. அரசரை நகரத்தார் எவ்வளவு உயரத்தில் வைத்தார்களோ அவ்வளவு தொலைவிலும் வைத்தார்கள்.

நகர மன்றத்துக்குப் பின்னால் எழும் தூய மரியாள் ஆலயம் உலகின் மிகப் பெரிய செங்கல் தேவாலயங்களில் ஒன்று. 1343-இல் தொடங்கிய கட்டுமானம் 1502-இல்தான் முடிந்தது. உள்ளே ஹான்ஸ் டூரிங்கர் 1464 முதல் 1470 வரை செய்த வானியல் கடிகாரம் உள்ளது. இன்னொரு ஊருக்கு இதுபோல் செய்துவிடக் கூடாதென்று அவருடைய கண்களைக் குருடாக்கினார்கள் என்ற கதையை வழிகாட்டிகள் சொல்லாமல் விடுவதில்லை. பிராக் நகரக் கடிகாரத்துக்கும் இதே கதை உண்டு என்பதால் அதை நம்பத் தேவையில்லை. நம்பவேண்டிய கதை ஹான்ஸ் மெம்லிங்கின் ‘இறுதித் தீர்ப்பு’ ஓவியத்தினுடையது. மெடிசி வங்கியின் புரூஜ் கிளையில் இருந்த ஆஞ்சலோ தானி என்பவர் வரைவித்த அந்த ஓவியம், 1473-இல் இத்தாலிக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தபோது கதான்ஸ்கின் போர்க்கப்பல் தலைவர் பவுல் பெனக்கே அதைக் கைப்பற்றி ஊருக்குக் கொண்டுவந்தார். திருப்பித் தரும்படி வந்த கோரிக்கைகள் எதுவும் பலிக்கவில்லை. நெப்போலியன் காலத்தில் அது பாரிசுக்கும், இரண்டாம் உலகப் போருக்குப்பின் லெனின்கிராடுக்கும் போய்த் திரும்பியது. மூல ஓவியம் இப்போது தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆலயத்தில் இருப்பது நகல்.

ஆலயத்திலிருந்து ஆற்றுக்கு இறங்கும் மரியாட்ஸ்கா தெருவில் வீடுகளுக்கு முன்னே படியேறிச் செல்லும் கல் மேடைகள் உள்ளன. நம் ஊர்த் திண்ணையைப் போலவே வீட்டுக்காரர் அமர்ந்து தெருவைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்த இடம். அவற்றின் கீழ்த்தளங்களில் இன்று அம்பர் நகைக் கடைகள். பால்டிக் கரையில் ஒதுங்கும் இந்தப் பழம்பிசினை வேலைப்படுத்துவோருக்கு இந்நகரில் 1477 முதலே தனிச் சங்கம் இருந்தது.

17-ஆம் நூற்றாண்டின் ஸ்வீடன் போர்களோடு சரிவு தொடங்கியது. 1734-இல் ரஷ்யப் படை முற்றுகையிட்டது. 1772-இல் போலந்தின் முதல் பிரிவினையின்போது பிரஷ்யா சுற்றுப்புறத்தை எடுத்துக்கொண்டு நகரை மட்டும் விட்டுவைத்தது. சுங்கத்தால் கழுத்து நெரிக்கப்பட்ட நகரமும் 1793-இல் பிரஷ்யாவுக்குப் போனது. தத்துவவாதி ஷோப்பன்ஹவர் 1788-இல் இங்கு பிறந்தவர். பிரஷ்ய ஆட்சியை விரும்பாத அவருடைய வணிகக் குடும்பம் 1793-இலேயே ஹம்பர்க்குக் குடிபெயர்ந்தது. முதல் உலகப் போருக்குப்பின் 1920-இல் நாடுகள் சங்கத்தின் பாதுகாப்பில் டான்சிக் தனி நகரமானது. அதை முழுதும் நம்ப முடியாத போலந்து, வெறும் மீன்பிடிக் கிராமமாக இருந்த கிடினியாவில் புதிய துறைமுகம் கட்டியது.

படகில் ஆற்று முகம் வரை சென்றால் வெஸ்டர்பிளாட் தீபகற்பம். 1939 செப்டம்பர் 1-ஆம் தேதி அதிகாலையில், நட்புப் பயணமாக வந்திருந்த ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் இங்கிருந்த போலந்துக் காவல் தளத்தின்மீது குண்டு வீசியது. சுமார் இருநூறு வீரர் மேஜர் ஹென்ரிக் சுஹார்ஸ்கியின் தலைமையில் ஏழு நாள் தாக்குப்பிடித்தனர். 1945 மார்ச்சில் செஞ்சேனை நகரைப் பிடித்தபோது அதன் வரலாற்று மையம் ஏறக்குறைய முழுதும் எரிந்து கிடந்தது. ஜெர்மன் மொழி பேசிய மக்கள் ஓடினர், அல்லது வெளியேற்றப்பட்டனர். நாட்டின் பிற பகுதிகளிலிருந்தும் சோவியத் வசமான கிழக்கிலிருந்தும் வந்த போலந்துக்காரர்கள் குடியேறினர்.

ஆகவே அரச வழியில் பயணி காண்பதில் பெரும்பகுதி 1950-களின் வேலை. முகப்புகள் 17-ஆம் நூற்றாண்டைக் காட்டுகின்றன. உள்ளே தொழிலாளர் குடும்பங்களுக்கான அடுக்குமாடி வீடுகள். பின்கட்டுகள் மீண்டும் கட்டப்படவில்லை, அங்கே முற்றங்களும் மரங்களும் வந்தன. டச்சு, ஃபிளெமிய, இத்தாலியச் சாயல்கள் மீட்கப்பட்டன. பிரஷ்யக் காலத்துச் சேர்க்கைகள் பெரும்பாலும் கைவிடப்பட்டன. இதைப் போலி என்று ஒதுக்குபவர்கள் உண்டு. எரிந்த நகரில் எந்த நூற்றாண்டைத் திரும்பக் கட்டுவது என்ற தேர்வும் நகரின் வரலாற்றில் ஒரு பக்கம்தான். கழற்றி ஒளித்துவைக்கப்பட்டதால் சிவப்பு மண்டபத்தின் ஓவியங்கள் அசலாகவே தப்பின.

வடக்கே நடந்தால் கப்பல் கட்டும் தளம். 1970 டிசம்பரில் உணவு விலை உயர்வை எதிர்த்த தொழிலாளர்மீது இங்கே துப்பாக்கிச் சூடு நடந்தது. 1980 ஆகஸ்டில் பாரந்தூக்கி இயக்குநரான அன்னா வாலெந்தினோவிச் வேலைநீக்கம் செய்யப்பட்டதை எதிர்த்து வேலைநிறுத்தம் தொடங்கியது. மின்பணியாளர் லேக் வலேசா அதற்குத் தலைமையேற்றார். இரண்டு ஒட்டுப்பலகைகளில் எழுதிய 21 கோரிக்கைகள் தளத்தின் இரண்டாம் வாயிலில் தொங்கின. முதல் கோரிக்கை சுதந்திரமான தொழிற்சங்கம். ஆகஸ்டு 31-இல் அரசு கையெழுத்திட, சாலிடாரிட்டி சங்கம் பிறந்தது. 1970-இல் இறந்தவர்களுக்கான மூன்று சிலுவைகள் 1980 டிசம்பரில் வாயிலருகே எழுந்தன. அரசு பிறப்பித்த ராணுவச் சட்டத்தையும் தன்மீதான தடையையும் தாண்டி வந்த சாலிடாரிட்டி இயக்கம் 1989 ஜூன் தேர்தலில் கம்யூனிஸ்டுக் கட்சியை வீழ்த்தியது. புதிய சந்தைப் பொருளாதாரத்தில் நிற்க முடியாமல் கப்பல் தளம் 1996-இல் திவாலானது. 2014-இல் துருப்பிடித்த இரும்புச் சுவர்களோடு அங்கே திறக்கப்பட்ட ஐரோப்பிய சாலிடாரிட்டி மையத்தில் அந்தப் பலகைகள் வைக்கப்பட்டுள்ளன.

போரில் பாழான களஞ்சியத் தீவின் வடமுனை அரை நூற்றாண்டுக்கும் மேலாக இடிபாடாகவே கிடந்து, அண்மைக் காலத்தில் விடுதிகளாகவும் அடுக்குமாடிகளாகவும் மாறியது. சரக்குக் கப்பல்கள் மோட்லாவாவுக்கு வருவதில்லை. 1970-களில் கடலோரத்தில் கட்டிய வடக்குத் துறைமுகத்துக்கும், 2007-இல் திறந்த ஆழ்நீர்க் கன்டெய்னர் முனையத்துக்கும் அவை போகின்றன.