சுழல்துப்பாக்கியின் வடிவழகு: 1836 முதல் 2020 வரை ஓர் ஒப்பாய்வு

முன்னுரை

சுழல்துப்பாக்கியின் வரலாற்றைப் பெரும்பாலும் இரு சாரார் எழுதியிருக்கிறார்கள். ஒரு சாரார் குழல் விட்டம், தோட்டா, சுடும் வேகம் என்று தொழில்நுட்பக் கணக்கைப் பார்ப்பவர்கள். மற்றவர்கள் பொன் பதித்த, தந்தப் பிடி வைத்த அரும்பொருள்களைத் தேடும் சேகரிப்பாளர்கள். அலங்காரமே இல்லாத ஒரு படைத்துப்பாக்கி ஏன் கண்ணைக் கவர்கிறது, அதே காலத்தில் பிறந்த இன்னொன்று ஏன் கவரவில்லை என்ற கேள்வியை இவ்விரு சாராரும் அதிகம் தொடவில்லை.

அக்கேள்வியை இக்கட்டுரை மூன்று அளவுகோல்களால் அணுகுகிறது: பக்கவாட்டுத் தோற்றத்தின் கோடு, உறுப்புகள் ஒன்றோடொன்று இயையும் விதம், உலோகப் பரப்பின் செய்நேர்த்தி. முதல் நாற்பது ஆண்டுகளில் பொறியின் தேவையும் காப்புரிமைச் சட்டமும் வடிவத்தைத் தீர்மானித்தன. 20ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து இவ்வுறவு தலைகீழானது என்பதே இதன் கருதுகோள்.

திறந்த சட்டகம்: கோல்ட்டின் முதற்கட்டம் (1836–1860)

சாமுவேல் கோல்ட் 1836இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்று, நியூ ஜெர்சியின் பேட்டர்சன் நகரில் தயாரிப்பைத் தொடங்கினார். பேட்டர்சன் துப்பாக்கியில் விசைக்காப்பு வளையம் கிடையாது. சுத்தியலைப் பின்னுக்கு இழுத்தால்தான் விசை வெளியே இறங்கும். அதனால் அடிப்பக்கம் ஒரே கோடாக ஓடி, கீழே அகன்று விரியும் பிடியில் முடிகிறது. ஆனால் மெலிந்த குழலுக்கும் அகன்ற பிடிக்கும் இடையே உருளை பொருந்தாமல் நிற்கிறது. அந்த ஆலை 1842இல் மூடப்பட்டது.

டெக்சாஸ் ரேஞ்சர் படையின் சாமுவேல் வாக்கர் சொன்ன யோசனைகளின்படி 1847இல் உருவான வாக்கர் மாதிரி, ஏறக்குறைய 2 கிலோ எடை கொண்டது. குழல் மட்டும் 9 அங்குலம். குதிரை மேலிருந்து சுடுபவனுக்கு வேண்டிய வலிமை அதில் இருந்தது; அளவொருமை இல்லை. அதன் முக்கியத்துவம் உருளைப் பரப்பில் இருக்கிறது. பணத்தாள்களுக்குச் செதுக்கும் கலைஞரான வாட்டர்மன் ஆர்ம்ஸ்பி, ரேஞ்சர்கள் கமான்சி பழங்குடியினரோடு மோதும் காட்சியைச் செதுக்கினார். அச்சு உருளையால் அக்காட்சி ஒவ்வொரு துப்பாக்கியிலும் அழுத்திப் பதிக்கப்பட்டது. ஆயிரக்கணக்கில் ஒரே மாதிரியாகத் திரும்ப வரக்கூடிய அலங்காரம் துப்பாக்கிக்கு அப்போது வந்தது. அதில் யாருடைய வெற்றி கொண்டாடப்படுகிறது, யார் துரத்தப்படுகிறார்கள் என்பதையும் ஆய்வாளர் கவனிக்காமல் விட முடியாது.

1851 நேவி மாதிரியில் மூன்று அளவுகோல்களும் முதன்முறையாக ஒருங்கே நிறைவு பெறுகின்றன. .36 விட்டம் போதும் என்று முடிவானதும் உருளை சிறுத்தது. 7½ அங்குல எண்கோணக் குழல் அந்தச் சிறிய உருளைக்கு இசைவாக நீண்டது. பிடி, ஏர் மேழியைப் போல வளைந்து கீழிறங்குகிறது. இவ்வளைவுக்குக் காரணம் உண்டு: சுட்டவுடன் பின்னுதைப்பால் பிடி உள்ளங்கையில் உருண்டு மேலெழும், அப்போது சுத்தியல் கட்டைவிரலுக்கு எட்டும். உருளைக்கு மேலே சட்டம் எதுவும் இல்லாததால், குழலின் மேல்கோடு அங்கே அறுந்து, உருளையின் வட்டம் வெளிப்படையாகத் தெரிகிறது. உருளை மீது 1843 மே 16 அன்று டெக்சாஸ் கடற்படை மெக்சிகோவோடு மோதிய காட்சி பதிக்கப்பட்டது.

1860 ஆர்மி மாதிரி இக்கட்டத்தின் முதிர்ச்சி. நேவியின் அளவிலான சட்டகத்திலேயே .44 விட்டத்தைக் கொண்டுவர, உருளையின் முன்பகுதி மட்டும் படியாகப் பருக்க வைக்கப்பட்டது. குழல் உருண்டையானது, மருந்தையும் குண்டையும் கெட்டிக்கும் நெம்புகோல் குழலின் அடியோடு வழிந்து கலந்தது. கோணங்கள் மறைந்து, வளைவுகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஓடின.

மூடிய சட்டகம்: ஆடம்சும் ரெமிங்டனும்

1851 லண்டன் பெருங்கண்காட்சியில் கோல்ட்டின் துப்பாக்கிகளும் ராபர்ட் ஆடம்சின் துப்பாக்கியும் ஒருங்கே வைக்கப்பட்டன. ஆடம்சின் குழலும் சட்டகமும் ஒரே இரும்புத் துண்டில் அடித்துச் செய்யப்பட்டவை. உருளையை மேலும் கீழும் சட்டம் கவ்வியிருக்கும். சுத்தியலில் கட்டைவிரல் கொம்பு இல்லை. விசையை இழுத்தாலே சுடும். உறுதியில் இது கோல்ட்டை விஞ்சியது. தோற்றத்திலோ பின்பாகம் பருத்தும் முன்பாகம் குறுகியும் கிடக்கிறது.

1858ஆம் ஆண்டின் காப்புரிமைத் தேதியைத் தாங்கிய ரெமிங்டன் ஆர்மி இக்குறையைத் தீர்த்தது. உருளைக்கு மேலே ஓடும் பட்டை, குழலின் மேல்விளிம்போடு நேராக இணைந்தது. கெட்டிக்கும் நெம்புகோலின் அடியில் முக்கோணமாக இறங்கும் தகடு, குழலையும் சட்டகத்தையும் கண்ணுக்கு ஒன்றாக்கியது. கோல்ட்டிடம் ஓட்டம் உண்டென்றால், ரெமிங்டனிடம் கட்டுக்கோப்பு உண்டு.

காப்புரிமை வரைந்த கோடு (1855–1873)

உருளையை முன்னும் பின்னும் துளைத்து, பின்னாலிருந்து தோட்டாவை இடும் முறைக்கு ரோலின் வைட் 1855இல் காப்புரிமை பெற்றார். அவ்வுரிமை ஸ்மித் அண்ட் வெசனிடம் சென்றது. 1869இல் அது காலாவதியாகும் வரை, அமெரிக்காவின் பிற நிறுவனங்கள் பெரும்பாலும் முன்னாலிருந்து கெட்டிக்கும் பழைய வடிவத்தோடு நிற்க நேர்ந்தது. கெட்டிக்கும் நெம்புகோல் அவ்வளவு காலம் துப்பாக்கியின் தோற்றத்தில் நீடித்ததற்குச் சட்டமும் ஒரு காரணம்.

தடை நீங்கியதும் இரு வழிகள் பிரிந்தன. ஸ்மித் அண்ட் வெசனின் மூன்றாம் மாதிரி (1870) குழலோடு கீழே மடங்கித் திறந்து, சுட்ட தோட்டாக் கூடுகளைத் தானே வெளியே தள்ளியது. ரஷ்ய அரசின் ஒப்பந்தத்துக்காகச் செய்த மாதிரியில் பிடியின் பின்புறம் ஒரு திமிலும், விசைக்காப்பின் அடியில் ஒரு கொம்பும் சேர்ந்தன. பயனுக்காக வந்த இச்சேர்க்கைகள் அதன் கோட்டைத் துண்டாக்கின.

கோல்ட் நிறுவனத்தில் வில்லியம் மேசன் வடிவமைத்த 1873 சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி, மேற்சொன்ன இரு மரபுகளின் கூட்டு. அமெரிக்க ராணுவம் வலுவான சட்டகம் கேட்டது. ஆகவே ரெமிங்டன் வழியிலான மேல்பட்டை வந்தது. பிடி 1851 நேவியிலிருந்து அப்படியே எடுக்கப்பட்டது. நெம்புகோல் போய், கூடுகளைத் தள்ளும் கம்பியின் மெல்லிய உறை குழலின் பக்கத்தில் அமர்ந்தது. எலும்புக்கரியில் பொதிந்து சூடேற்றி நீரில் அமிழ்த்திய சட்டகம் நீலமும் வைக்கோல் நிறமும் சாம்பலுமாகத் திட்டுத்திட்டாக மிளிர்ந்தது; குழல் கருநீலமாக நின்றது. பரப்பைக் கடினமாக்கச் செய்த வேலையே அதன் அணியாயிற்று.

ஐரோப்பிய ஒப்பீடு: வெப்லியும் நாகன்ட்டும்

பிரிட்டிஷ் படை 1887இல் ஏற்ற பர்மிங்காம் வெப்லி, மடங்கித் திறக்கும் வகை. அதன் தொடக்க மாதிரிகளில் பிடி பறவையின் அலகு போல் முன்னோக்கி வளையும். 1915இன் ஆறாம் மாதிரியில் அது சதுரமான கனத்த பிடியாக மாறியது. திறக்கும் தாழ்ப்பாள், கீல், திருகுகள் எல்லாம் வெளியே தெரியும். நளினம் குறைவு, நேர்மை அதிகம். கான்பூரில் தயாராகும் இந்திய .32 ரிவால்வர் இவ்வடிவத்தின் வாரிசே.

பெல்ஜியத்தின் லீஜ் நகரைச் சேர்ந்த லியோன் நாகன்ட்டின் 1895 மாதிரி எதிர்ச்சான்று. சுத்தியல் பின்னிழுக்கப்படும்போது அதன் உருளை முன்னகர்ந்து குழலோடு ஒட்டி, வாயுக் கசிவை அடைக்கும். இவ்வளவு நுட்பமான பொறியமைப்பு இருந்தும், வெளித்தோற்றம் அதில் எதையும் காட்டுவதில்லை. பொறி சிறந்தால் மட்டும் வடிவம் சிறக்காது. பொறி கண்ணுக்குப் புலப்பட வேண்டும் என்பதற்கு இது சான்று.

வடிவம் முந்திக்கொண்ட காலம் (1955–2020)

1955இல் வெளிவந்த கோல்ட் பைத்தனில் குழலின் அடியில் முழுநீளத்துக்கும் கனத்த பட்டை ஓடுகிறது. அது முன்பாரத்தைக் கூட்டி முனை எழும்புவதைக் குறைக்கும். மேலே காற்றுத்துளைகள் வைத்த விளிம்பு இருக்கிறது. ஆறு குண்டுகளில் குழல் அவ்வளவு சூடாவதில்லை. அத்துளைகளின் பயனைவிடத் தோற்றப் பங்கே பெரிது. செதுக்கு வேலை இல்லாமல், நுணுக்கமாக மெருகேற்றிய ஆழ்நீலப் பரப்பே அதன் அலங்காரம்.

மறு ஆண்டே கோல்ட் நிறுவனம், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நிறுத்தியிருந்த 1873 மாதிரியை மீண்டும் தயாரித்தது. படைக்கு அது தேவைப்படவில்லை. தொலைக்காட்சியின் கௌபாய்க் கதைகள் அதன் உருவத்துக்குச் சந்தையை உண்டாக்கியிருந்தன. பைத்தன் 2005இல் நின்று 2020இல் திரும்பியபோது, உள்ளுறுப்புகள் குறைக்கப்பட்டு மாற்றப்பட்டன, வெளிக்கோடு காக்கப்பட்டது. ஸ்வீடன் சிற்பி கார்ல் ஃப்ரெட்ரிக் ராய்ட்டர்ஸ்வார்ட் முடிச்சிட்ட குழலோடு வடித்த ‘வன்முறையின்மை’ சிற்பத்துக்கும் பைத்தனின் உருவமே பயன்பட்டது. 1988இல் லக்சம்பர்க் அதை ஐ.நா. தலைமையகத்துக்கு அளித்தது.

முடிவுரை

ஒப்பீட்டின் முடிவுகள் மூன்று. அலங்காரம் சுழல்துப்பாக்கியின் அழகுக்கு அடிப்படை அல்ல. வாக்கரின் உருளைக் காட்சி அதன் பருமனை மறைக்கவில்லை. ஒவ்வொரு உறுப்பும் தன் வேலையை வெளியே காட்டி, அடுத்த உறுப்போடு இசையும்போதே வடிவம் நிறைவடைகிறது. 1851 நேவியும் 1873 ஆர்மியும் இவ்வகையில் முதலிடம் பெறுகின்றன. பைத்தன் செய்நேர்த்தியில் அவற்றுக்கு இணை. ஆனால் அதன் கோடுகளில் ஒரு பங்கு பார்ப்பவருக்காகவே சேர்க்கப்பட்டது என்பதால் இரண்டாம் இடமே பொருந்தும்.