வாடகை வீட்டுப் பராமரிப்புப் பொறுப்பு (தமிழ்நாடு)

வாடகை வீட்டுப் பராமரிப்புப் பொறுப்பு என்பது, வாடகைக்கு விடப்பட்ட வீட்டில் ஏற்படும் பழுதுகளையும் துப்புரவு வேலைகளையும் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் ஆகிய இருவருள் எவர் செய்ய வேண்டும், அவற்றின் செலவை எவர் ஏற்க வேண்டும் என்பதைக் குறிக்கும். தமிழ்நாட்டில் இது 2017ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்கள் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் முறைப்படுத்தும் சட்டத்தில் வகுக்கப்பட்டுள்ளது. இச்சட்டம் 2019 பெப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்தது. சட்டம் கூறுவதற்கும் வழக்கத்தில் நடப்பதற்கும் இடையே வேறுபாடு உண்டு. வெள்ளையடிக்கும் செலவில் இவ்வேறுபாடு மிகுதியாகக் காணப்படுகிறது.

வரலாறு

1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 108ஆம் பிரிவில் இது பற்றிப் பேசுகிறது. குத்தகைதாரர் தாம் பெற்ற நிலையிலேயே சொத்தைத் திருப்பித் தர வேண்டும். இயல்பான தேய்மானத்துக்கும் தடுக்க இயலாத இயற்கைச் சேதத்துக்கும் அவர் பொறுப்பாக மாட்டார். உரிமையாளர் தாம் செய்யக் கடமைப்பட்ட பழுதுபார்ப்பை அறிவிப்புக்குப் பின்னும் செய்யாவிட்டால், குத்தகைதாரர் அதனைச் செய்துவிட்டுச் செலவை வட்டியுடன் வாடகையில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் எந்தெந்த வேலைகள் உரிமையாளரின் கடமை என்பதை அச்சட்டம் பட்டியலிடவில்லை.

சென்னை மாகாணத்தில் 1946, 1949 ஆகிய ஆண்டுகளில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் வந்தன. பின்னர் வந்த 1960ஆம் ஆண்டுச் சட்டம் 2019 வரை நீடித்தது. அதன்படி, உரிமையாளர் தேவையான பழுதுகளைப் பார்க்கத் தவறினால் வாடகைதாரர் வாடகைக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் மனுச் செய்து, அவரது ஆணையின் பேரில் தாமே வேலையை முடித்துச் செலவைக் கழிக்கலாம். பெரிய பழுதுக்காக வீட்டைக் காலி செய்தவருக்கு, வேலை முடிந்தபின் அதே வீட்டில் மீண்டும் குடியேறும் உரிமையும் இருந்தது. வாடகை உயராத கட்டிடங்களுக்குச் செலவு செய்ய உரிமையாளர்களுக்கு ஊக்கம் இல்லாமற்போனது இச்சட்டத்தின் மீதான முக்கியக் குறைபாடாகக் கூறப்பட்டது.

பொறுப்புப் பகிர்வு

2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை இருவரின் வேலைகளையும் தனித்தனியே தருகிறது. உரிமையாளரின் பகுதி சிறியது, ஆனால் செலவு மிக்கது. கட்டிடத்தின் அமைப்பு சார்ந்த பழுதுகள் (வாடகைதாரர் விளைவித்த சேதம் நீங்கலாக), சுவர்களுக்கு வெள்ளையடித்தல், கதவு சன்னல்களுக்கு வண்ணம் பூசுதல், தேவைப்படும்போது தண்ணீர்க் குழாய்களை மாற்றுதல், உள்ளும் புறமும் உள்ள மின்கம்பி வேலைகள் ஆகியவை அதில் அடங்கும்.

வாடகைதாரரின் பகுதி நீளமானது. குழாயையும் அதன் வாசரையும் மாற்றுதல், கழிவுநீர் வழியைச் சுத்தம் செய்தல், கழிப்பிடம், கைகழுவும் தொட்டி, கீசர் ஆகியவற்றைப் பழுதுபார்த்தல், மின்விசைகள், சமையலறைப் பொருத்துகள், பூட்டு, கைப்பிடி, கொசுவலை, சன்னல் கண்ணாடி என அது செல்கிறது. தாம் பயன்படுத்தும் தோட்டத்தையும் அவரே பேண வேண்டும். சுருங்கக் கூறின், சுவருக்குள் இருக்கும் குழாய் உரிமையாளருடையது. அதன் முனையில் சொட்டும் வாசர் வாடகைதாரருடையது. ஒப்பந்தத்தில் இருவரும் இசைந்துகொண்ட வேலைகளுக்கும் சட்டத்தில் இடமுண்டு.

அடிக்கடி பூசலுக்கு உள்ளாகும் நீரேற்றும் மோட்டார், மேல்நிலைத் தொட்டியைக் கழுவுதல், கழிவுத் தொட்டியை வெளியேற்றுதல் ஆகியவை அட்டவணையில் தனியே பெயர் சுட்டப்படவில்லை. ஆகவே இவற்றை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வது நல்லது.

வெள்ளையடிப்பும் முன்பணமும்

சென்னையில் பத்து மாத வாடகையை முன்பணமாகப் பெறுவது நெடுநாள் வழக்கம். சட்டம் மூன்று மாத வாடகையையே அளவாகக் குறிப்பிடுகிறது. வீட்டைக் காலி செய்யும்போது வெள்ளையடிப்புக்கென ஒரு மாத வாடகையை முன்பணத்தில் பிடித்துக்கொள்வது பல இடங்களில் நடைமுறையில் உள்ளது. அட்டவணைப்படி இவ்வேலை உரிமையாளரைச் சார்ந்தது. ஓராண்டு குடியிருந்தவரிடமும் பத்தாண்டு குடியிருந்தவரிடமும் ஒரே தொகையைப் பிடிப்பது தேய்மானத்தின் அளவோடு பொருந்துவதுமில்லை. எனினும் பணம் உரிமையாளர் கையில் இருப்பதால், வழக்காட விரும்பாத வாடகைதாரர் பெரும்பாலும் விட்டுக்கொடுத்து விடுகிறார். ஆணி அடித்த துளை, உடைந்த ஓடு போன்றவை முன்பே இருந்தனவா என்பதும் இத்தருணத்திலேயே வாதத்துக்கு வருகிறது. குடியேறும் நாளிலேயே நிழற்படம் எடுத்து, குறைகளை எழுதி இருவரும் கையொப்பமிட்டிருந்தால் இவ்வாதம் எளிதில் முடியும்.

கடமை தவறினால்

வாடகைதாரர் தம் பங்கைச் செய்யாவிட்டால் உரிமையாளர் அதைச் செய்து முன்பணத்தில் கழிக்கலாம். உரிமையாளர் செய்யாவிட்டால் வாடகைதாரர் செய்து வாடகையில் கழிக்கலாம். இந்திய அரசு 2021இல் ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம், இவ்வாறு கழிக்கும் தொகை ஒரு மாத வாடகையில் 50 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்கிறது. குடியிருக்க இயலாத அளவுக்குப் பழுதுற்ற வீட்டை, எழுத்து மூலம் கேட்டும் உரிமையாளர் சரிசெய்யாவிடில், 15 நாள் அறிவிப்புக் கொடுத்து வாடகைதாரர் விட்டு நீங்கலாம் என்றும் அது கூறுகிறது. மாதிரிச் சட்டம் மாநிலங்களைத் தானாகக் கட்டுப்படுத்தாது.

பூசல் எதுவாயினும் தண்ணீர், மின்சாரம், மாடிப்படி விளக்கு போன்ற இன்றியமையாச் சேவைகளை உரிமையாளர் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் வாடகைதாரர் வாடகை அதிகார அமைப்பிடம் முறையிடலாம்.

கழிவுத் தொட்டி

செலவை எவர் ஏற்றாலும், கழிவுத் தொட்டிக்குள் மனிதரை இறக்கித் துப்புரவு செய்விப்பதற்கு உரிமையாளருக்கும் உரிமையில்லை, வாடகைதாரருக்கும் உரிமையில்லை. பாதுகாப்புக் கருவிகள் இன்றி இவ்வாறு ஒருவரை வேலைக்கு அமர்த்துவது 2013ஆம் ஆண்டின் கையால் மலம் அள்ளுவோர் பணியமர்த்தல் தடைச் சட்டப்படி குற்றமாகும். முதல் முறைக்கே இரண்டு ஆண்டுகள் வரை சிறை அல்லது இரண்டு இலட்சம் ரூபாய் வரை தண்டம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். இவ்வேலையில் இறப்போரின் குடும்பத்துக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 10 இலட்சத்திலிருந்து 30 இலட்சம் ரூபாயாக உயர்த்தியது. உறிஞ்சு ஊர்தியை அழைப்பதே முறையான வழியாகும்.