தொடைத் தசை ஒன்றின் பயணம்

தொடையின் உள்பக்கத்தில், இடுப்பின் முன்னெலும்பில் தொடங்கி முழங்காலுக்குச் சற்றுக் கீழே முடியும் பட்டையான ஒரு தசை உண்டு. பெயர் கிராசிலிஸ். காலை உள்பக்கம் இழுப்பது அதன் வேலை. பக்கத்திலேயே அந்த வேலைக்கு இதைவிடப் பலமான தசைகள் இருப்பதால், இதை எடுத்துவிட்டாலும் நடை கெடுவதில்லை. அறுவை மருத்துவர்கள் இதன்மேல் கண் வைத்ததற்கு அதுவே காரணம்.

1952-இல் அமெரிக்க மருத்துவர் கென்னத் பிக்ரெல், மலத்தை அடக்க முடியாத நான்கு குழந்தைகளுக்கு இந்தத் தசையை ஆசனவாயைச் சுற்றிக் கட்டி இறுக்கம் கொடுத்தார். 1976-இல் ஜப்பானிய மருத்துவர் ஹாரி, முகவாதம் வந்தவர்களின் கன்னத்துக்கே இதைக் கொண்டுபோனார். முழங்கால் ஜவ்வு அறுந்தால் எலும்பு டாக்டர்கள் இதன் நாணைத்தான் பல நேரம் உருவுகிறார்கள். ஊர் சுற்றிய தசைதான். ஆனால் அதன் ஆகச் சிறந்த பயணம், வெளியே சொல்லக் கூச்சப்படும் ஒரு நோய்க்கானது.

புராஸ்டேட் சுரப்பிக்கும் மலக்குடலுக்கும் நடுவே மெல்லிய திசுதான் இருக்கிறது. புராஸ்டேட் புற்றுநோய்க்குச் செய்யும் அறுவையிலோ கதிர்வீச்சிலோ அது ஓட்டையானால் சிறுநீர்ப் பாதையும் மலக்குடலும் ஒன்றோடொன்று திறந்துகொள்ளும். சிறுநீரோடு காற்று வரும். ஆசனவாய் வழியே சிறுநீர் போகும். காய்ச்சலும் கிருமித் தொற்றும் விடாது.

1917-இல் ஹக் யங், ஸ்டோன் என்ற இருவர் மலக்குடலையே கீழே இழுத்து, ஓட்டை விழுந்த பகுதியை வெளியே கொண்டுவந்து நீக்கும் வழியை எழுதினார்கள். 1969-இல் இங்கிலாந்தின் யார்க் மேசன் வேறு திசையில் வந்தார். நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, ஆசனவாயின் சுருக்குத் தசையைப் பின்பக்கமாகப் பிளந்து உள்ளே போவது அவர் முறை. திரும்பத் தைக்கும்போது தடம் மாறாமலிருக்க, வெட்டிய ஒவ்வொரு அடுக்கிலும் ஜோடி ஜோடியாக நூல் போட்டு அடையாளம் வைத்துக்கொள்வார். சின்ன ஓட்டைக்கு, கதிர்வீச்சு படாத உடம்புக்கு, இன்றும் இது நல்ல முறை. கதிர்வீச்சு பட்ட இடம் வேறு கதை. அங்கே ரத்த ஓட்டம் வற்றிப்போயிருக்கும். ஓதம் ஏறிய சுவரில் பூசிய சிமெண்டைப் போல, போட்ட தையல் உதிர்ந்துவிடும். அங்கே நூலைவிட ரத்தம்தான் தேவை.

அந்த ரத்தத்தோடு கிராசிலிஸ் வருகிறது. 1979-இல் ரயன் குழுவினர் இந்த நோய்க்கு அதைப் பயன்படுத்தியதைப் பதிவு செய்தார்கள். முதலில் வயிற்றில் பை வைத்து மலத்தைத் திருப்பிவிடுவது வழக்கம். சில மாதம் கழித்து, நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து, கால்களைத் தூக்கிக் கட்டி, விரைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடையே கீறி, ஒட்டிக்கிடக்கும் இரண்டு பாதைகளையும் பிரிக்கிறார்கள். பொறுமையைச் சோதிக்கும் கட்டம் இதுதான். மலக்குடல் ஓட்டையைத் தைத்து மூடுகிறார்கள். சிறுநீர்ப் பாதையின் ஓட்டை பெரிதாக இருந்தால், கன்னத்தின் உட்தோலை எடுத்து ஒட்டுப் போடுகிறார்கள்.

அடுத்து தொடை. முழங்கால் பக்கம் நாணை வெட்டி, தசையை மேலே உரித்துக்கொண்டு போகிறார்கள். வழியில் வரும் சிறு ரத்தக் குழாய்களைக் கட்டிவிடலாம். கவட்டுக்குக் கீழே சுமார் 8 முதல் 10 செ.மீ. தூரத்தில் உள்ளே நுழையும் முக்கியக் குழாயில் மட்டும் கை வைக்கக் கூடாது. அது போனால் தசையே போயிற்று. அந்த இடத்தைப் பிடிமானமாக வைத்துத் தசையைத் தலைகீழாகத் திருப்பி, தோலுக்கடியில் சுரங்கம் போட்டு இழுத்து, இரண்டு தையல்களுக்கும் நடுவே தடுப்பாகப் பதித்துத் தைக்கிறார்கள். சிறுநீரை வடிக்கச் செருகிய குழாய் வாரக்கணக்கில் உள்ளே இருக்கும். மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்து, கசிவில்லை என்று உறுதியான பிறகே பையை எடுக்கும் பேச்சு.

பலன்? அமெரிக்காவின் லேஹி கிளினிக் 2010-இல் வெளியிட்ட 74 பேரின் கணக்கில், கதிர்வீச்சு படாத 35 பேருக்கும் ஒரே அறுவையில் ஓட்டை மூடியது. மற்ற 39 பேரில் 84 சதவீதத்தினருக்கு மூடியது. ஆனாலும் அவர்களில் ஒரு பகுதியினருக்குப் பை நிரந்தரமாகிவிட்டது. தசை வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது.

புராஸ்டேட்டுக்குக் கதிர்வீச்சு எடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை: பின்னாளில் மலத்தில் ரத்தம் வந்து கொலோனோஸ்கோபிக்குப் போனால், கதிர்வீச்சு எடுத்ததை முதலிலேயே சொல்லிவிடுங்கள். மலக்குடலின் முன்சுவரில் இருக்கும் புண்ணிலிருந்து பரிசோதனைக்குச் சதை எடுத்ததே இந்த ஓட்டைக்குக் காரணமாகிவிடுவதுண்டு.