சீரியல் லைட் முதல் தோல் டிரம் வரை... எல்.இ.டி-யை ஆட்டி வைக்கும் 'ஆர்டுயினோ' போர்டு எப்படி வேலை செய்கிறது?

கல்யாண மண்டப வாசலில் ஓடி ஓடி எரியும் சீரியல் லைட்டுக்கும், ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைகளில் சுற்றும் டிரம்முக்கும் என்ன சம்பந்தம்? இரண்டுமே நேரக் கணக்கில் ஓடுபவை. லைட் எரியும், அணையும், மறுபடி எரியும். தோல் ஊறும் டிரம்மும் பல நேரங்களில் கொஞ்ச நேரம் சுற்றி, நின்று, மறுபடி சுற்றும். 'எப்போ ஆன், எப்போ ஆஃப்' என்ற இந்தக் கணக்கை வீட்டு மேஜையிலேயே பழக உதவுவதுதான் ஆர்டுயினோ போர்டு.

ஆர்டுயினோ என்றால் என்ன?

2005-ல் இத்தாலியின் இவ்ரியா நகரில், எலெக்ட்ரானிக்ஸ் படிக்காத டிசைன் மாணவர்களுக்காக உருவாக்கப்பட்ட சிறிய மைக்ரோகன்ட்ரோலர் போர்டு இது. 2010-ல் வந்த 'ஊனோ' மாடல்தான் இன்றும் பலரின் முதல் போர்டு. இதில் 14 டிஜிட்டல் பின்கள் உண்டு. ஒவ்வொரு பின்னையும் ஒரு சுவிட்ச் போல நினைத்துக்கொள்ளுங்கள். அதைத் தட்டுவது கை அல்ல, நீங்கள் எழுதும் புரோகிராம்.

என்னென்ன தேவை?

ஊனோ போர்டு, யு.எஸ்.பி கேபிள், பிரெட்போர்டு, எல்.இ.டி-கள், ஜம்பர் வயர்கள், 220 ஓம் ரெசிஸ்டர்கள். அவ்வளவுதான்.

ரெசிஸ்டரை மட்டும் விட்டுவிடக் கூடாது. ஏன்? பின் தருவது 5 வோல்ட். சிவப்பு எல்.இ.டி-க்குத் தேவை சுமார் 2 வோல்ட். மீதி 3 வோல்ட்டை 220 ஓமால் வகுத்தால், ஓடும் மின்சாரம் சுமார் 14 மில்லி ஆம்பியர். ஒரு பின்னுக்கு 20 மில்லி ஆம்பியருக்குள் இருப்பது நல்லது என்பதால் இது பாதுகாப்பான அளவு. ரெசிஸ்டர் இல்லாவிட்டால் எல்.இ.டி-யும் போகலாம், போர்டின் பின்னும் போகலாம்.

முதல் புரோகிராம் எப்படி?

பின்னிலிருந்து ரெசிஸ்டர், அங்கிருந்து எல்.இ.டி-யின் நீளமான கால். குட்டையான கால் போர்டின் 'ஜி.என்.டி' பின்னுக்குப் போக வேண்டும்.

புரோகிராமில் இரண்டு பகுதிகள். 'செட்டப்' ஒருமுறை மட்டும் ஓடும். 'லூப்' கரன்ட் இருக்கும்வரை திரும்பத் திரும்ப ஓடும். லூப்புக்குள் நான்கே வரிகள்: பின்னை 'ஹை' ஆக்கு, 'டிலே 500', பின்னை 'லோ' ஆக்கு, 'டிலே 500'. இங்கே 500 என்பது மில்லி செகண்ட். அதாவது அரை நொடி எரியும், அரை நொடி அணையும்.

ஓடும் விளக்கு எப்படி வருகிறது?

2 முதல் 7 வரையுள்ள பின்களில் ஆறு எல்.இ.டி-களை, ஒவ்வொன்றுக்கும் தனி ரெசிஸ்டருடன் இணையுங்கள். ஒன்றை ஏற்றி, 100 மில்லி செகண்ட் காத்திருந்து, அணைத்துவிட்டு அடுத்ததை ஏற்றினால் வெளிச்சம் ஓடுவது போலத் தெரியும். உண்மையில் எதுவும் ஓடவில்லை, நம் கண்தான் அப்படிச் சேர்த்துப் பார்க்கிறது. எண்களைத் திருப்பிப் போட்டால் வெளிச்சமும் திரும்பி ஓடும்.

மங்கி ஒளிர வேண்டுமா? 3, 5, 6, 9, 10, 11 ஆகிய பின்களில் 0 முதல் 255 வரை அளவு கொடுக்கலாம். பின் நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை ஆன், ஆஃப் ஆகும். ஆன் நேரம் குறைந்தால் வெளிச்சம் மங்கலாகத் தெரியும்.

'டிலே'-யில் என்ன சிக்கல்?

புதிதாகக் கற்பவர்கள் பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். டிலே ஓடும்போது புரோகிராம் அந்த வரியிலேயே நின்றுவிடும். 5 நொடி டிலே கொடுத்திருக்கிறீர்கள், நடுவில் பட்டனை அழுத்தி விட்டுவிட்டால் சாதாரண புரோகிராமுக்கு அது தெரியவே தெரியாது. எல்.இ.டி என்றால் பரவாயில்லை. சுற்றும் இயந்திரம் என்றால்?

இதற்குத் தீர்வு 'மில்லிஸ்'. போர்டு ஆன் ஆகி எவ்வளவு நேரமானது என்பதை இது சொல்லும். குக்கரை வைத்துவிட்டு விசில் வரும்வரை அடுப்படியிலேயே நின்றால் அது டிலே. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே காய் நறுக்கினால் அது மில்லிஸ். ஒரே நேரத்தில் விளக்கையும் ஓட்டலாம், பட்டனையும் கவனிக்கலாம்.

தொழிற்சாலைகளில் இந்த வேலைக்கு 'பி.எல்.சி' என்ற உறுதியான கன்ட்ரோலர்கள் உள்ளன. அங்கேயும் எமர்ஜென்சி ஸ்டாப்பைப் பொதுவாகப் புரோகிராமிடம் மட்டும் விடுவதில்லை. இயந்திரத்துக்குப் போகும் மின்சாரத்தையே துண்டிக்கும்படி தனி வயரிங் இருக்கும்.

எரியவில்லையா? இதைப் பாருங்கள்

* எல்.இ.டி-யின் கால்களை மாற்றிச் செருகியிருக்கலாம்.
* சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளில் புரோகிராம் ஏறாது.
* கம்ப்யூட்டரில் போர்டும் போர்ட்டும் சரியாகத் தேர்வாகியிருக்க வேண்டும்.

இதை மட்டும் செய்யாதீங்க!

வீட்டு 230 வோல்ட் லைனை போர்டில் நேரடியாக இணைக்கவே கூடாது. கரன்டில் ஓடும் பழைய சீரியல் செட்டைப் பிரித்துச் சோதனை செய்வதும் உயிருக்கு ஆபத்து. பழகும் வரை யு.எஸ்.பி-யின் 5 வோல்ட் போதும்.

போர்டு இல்லாதவர்கள் என்ன செய்யலாம்?

'டிங்கர்கேட்' இணையதளத்தில் இதே சர்க்யூட்டை இலவசமாகத் திரையிலேயே ஓட்டிப் பார்க்கலாம். 6 முதல் 12-ம் வகுப்பு மாணவர்கள், தங்கள் பள்ளியில் நிதி ஆயோக்கின் 'அடல் டிங்கரிங் லேப்' இருக்கிறதா என்று ஆசிரியரிடம் கேளுங்கள். இருந்தால், முதல் எல்.இ.டி-யை அங்கேயே எரிய வைக்கலாம்.