விலையில்லாக் கருவியும் விலைபெற்ற சாளரமும்

இணையத்தில் காணும் ஒளிக்காட்சியைத் தம் கணினியிலேயே இறக்கி வைத்துக்கொள்ள விரும்புவோர், காசு கொடுத்து மென்பொருள் வாங்குவதா, மூலநிரல் திறந்த இலவசக் கருவியை நாடுவதா என்று தயங்கும் நிலை எவ்வாறு வந்தது என ஆராயப் புகுந்தால், தொலைபேசிக் கம்பி வழியே ஊர்ந்து வந்த தமது இணைப்பின் மந்தகதியைச் சகியாமல் ரிக்கார்டோ கார்சியா என்பவர் 2006ஆம் ஆண்டில் பைத்தான் மொழியில் எழுதிய யூடியூப்-டிஎல் என்னும் சிறு நிரலில் தொடங்குவதே உசிதம். அதற்கு அழகிய சாளரமும் இல்லை, பொத்தானும் இல்லை; கட்டளை வரியில் ஆணைகளைத் தட்டச்சிட்டே அதை இயக்க வேண்டும். கட்டளை வரியைக் கண்டு அஞ்சுவோரை நம்பியே விலை மென்பொருள்களின் வியாபாரம் பெரிதும் நடந்தது. அவற்றை வாங்குவோரை ஏளனம் செய்வது நியாயமன்று. சௌகரியத்துக்கும் ஒரு விலை உண்டல்லவா?

2020 அக்டோபர் 23 அன்று, அமெரிக்க இசைப்பதிவு நிறுவனங்களின் சங்கம் பதிப்புரிமைச் சட்டத்தைக் காட்டி அனுப்பிய அறிவிப்பின்பேரில், மூலநிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளம் யூடியூப்-டிஎல்லின் களஞ்சியத்தை அகற்றியது. மூலநிரல் பகிரங்கமாகக் கிடந்தமையால், பிரதி வைத்திருந்தோர் அதை மறுபடி மறுபடி ஏற்றினர். இணைய உரிமைகளுக்காக வாதாடும் எலெக்ட்ரானிக் ஃப்ரண்டியர் ஃபவுண்டேஷன் சட்டவாதத்தை எடுத்துரைக்க, நிரலின் பரிசோதனைப் பகுதியில் இருந்த சில பாடல்களின் முகவரிகள் நீக்கப்பட்டு, நவம்பர் 16இல் களஞ்சியம் மீண்டது. இத்தகைய வழக்குகளில் நிரலாளர்களின் சட்டத் தற்காப்புக்கென 10 லட்சம் டாலர் நிதியையும் கிட்ஹப் ஒதுக்கியது. ஒரே நிறுவனத்தின் பெட்டகத்தில் பூட்டப்பட்ட விற்பனைச் சரக்குக்கு இத்தகைய புனர்ஜன்மம் துர்லபம்.

பின்னர் மூலக்குழுவின் வேகம் தளர்ந்தபோது, அந்நிரலின் கிளைவழி வந்த ஒய்டி-டிஎல்பி 2021 முதல் முன்னணிக்கு வந்தது. யூடியூப் தன் உள்ளமைப்பை மாற்றும்போதெல்லாம், விலை கொடுத்தவர் நிறுவனத்தின் அடுத்த பதிப்புக்குக் காத்திருக்க, இலவசக் கருவிக்கோ திருத்தம் பல சமயம் சில நாட்களிலேயே வந்துவிடுகிறது.