கார்காலமும் கட்டுமானமும்: கன்னிவாடிப் பிரதேசத்தை முன்னிட்டு ஓர் ஆய்வு

திண்டுக்கல்லுக்கு மேற்கே, பழனி மலைத்தொடரின் அடிவாரத்தை ஒட்டிக் கிடக்கும் கன்னிவாடிப் பிரதேசத்தில், மேல்காற்று தூசியை வாரி வீசும் ஆடி மாதமும், வடகிழக்குப் பருவமழை கனத்துப் பொழியும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களும் கட்டட வேலைக்கு இருவேறு வகையில் இடையூறு விளைவிப்பவை. ஆடியில் பூசிய சாந்து, ஈரம் காற்றில் பறிபோவதால் பூச்சு இறுகுவதற்குள் மயிரிழை வெடிப்புக் காண்கிறது. ஐப்பசியிலோ தோண்டிய வாணத்தில் நீர் நின்று, கரிசல் மண் ஊறி, பக்கச்சுவர் சரிகிறது. பஞ்சாங்கத்தில் வாஸ்து நாள்கள் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் குறிக்கப்பட்டிருப்பதை நோக்கினால், நம் சாஸ்திரம் மழையைக் கணக்கிட்டே நாள் குறித்தது என்று பெருமை பேசுவதற்கு இடமில்லை என்பது விளங்கும். மழையைக் கணக்கிட்டவர்கள் கொத்தனார்களும் சூளைக்காரர்களுமே. அச்சில் அறுத்துக் களத்தில் பரப்பிய பச்சைக்கல், ஒரு கோடை மழைக்கே கரைந்து மறுபடி சேறாகிவிடும். ஆகையால் தை பிறந்தபின் கல் அறுத்து, வெயிலில் உலர்த்தி, அடுக்கிச் சுட்டெடுப்பதையும், வானம் கறுத்தால் பச்சைக்கல்லின்மேல் கீற்றை இழுத்து மூடுவதையும் அவர்கள் தொழிலின் அங்கமாகவே கொண்டனர்.

இந்த அனுபவ ஞானம் பெருந்திட்டங்களின் ஏட்டில் எவ்வாறு இடம்பெற்றது என்பதே இக்கட்டுரையின் விசாரணை. அதற்குத் தகுந்த உதாரணம், கன்னிவாடி அந்நாளில் அடங்கியிருந்த மதுரை ஜில்லாவுக்காகவே கட்டப்பட்ட பெரியாற்று அணை. பெரியாற்று நீர் கன்னிவாடிக்கு வருவதில்லை. எனினும் அந்நீரை வைகையிலிருந்து பிரித்துக் கால்வாயில் செலுத்தும் பேரணை, இன்றைய திண்டுக்கல் மாவட்டத்து நிலக்கோட்டைப் பகுதியிலேயே உள்ளது. 1808இல் காப்டன் கால்டுவெல் மலையை ஆராய்ந்து, பெரியாற்று நீரை மதுரைப் பக்கம் திருப்பும் இத்திட்டம் நடவாத காரியம் என்று ஒதுக்கினார். 1850இல் தொடங்கிய முதல் முயற்சி, மலைக்காட்டின் சுகாதாரக் கேட்டைக் காட்டித் தொழிலாளர் மிகுந்த கூலி கேட்டதனால் நின்றது. 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த தாது வருஷத்துப் பெரும்பஞ்சமே அரசாங்கத்தின் மனத்தை இறுதியில் அசைத்தது. 1886இல் திருவிதாங்கூருடன் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தாகி, 1887இல் வேலை தொடங்கிற்று.

பொறுப்பேற்ற பொறியாளர் பென்னிகுயிக் எதிர்கொண்ட சங்கடம் முற்றிலும் பருவத்தைச் சார்ந்தது. இரு பருவமழையும் பெறும் மலையில், ஆற்றின் படுகையிலேயே அடித்தளம் இட வேண்டும். அதற்கு ஆற்றைத் தற்காலிகத் தடுப்புகளால் ஒதுக்க வேண்டும். அத்தடுப்புகளோ வெள்ளம் வரும்போதெல்லாம் அடித்துச் செல்லப்பட்டன. மழையில்லாத நாள்களிலும் வனத்துக் காய்ச்சல் ஆட்களை வீழ்த்தி, வேலைக்காலத்தை மேலும் சுருக்கிற்று. அவர் தம் மனைவியின் நகைகளை விற்றுப் பணம் திரட்டினார் என்ற செவிவழிக் கதையில் மக்கள் உள்ளம் தோய்ந்திருப்பது இயல்பே; ஆயினும் ஆராய்ச்சியாளன் வியக்க வேண்டியது வேறொன்று. ஆறு தணியும் சில மாதங்களுக்குள் அடித்தளத்தின் எந்தப் பகுதியை எந்த மட்டத்துக்கு உயர்த்தினால், அடுத்த வெள்ளம் அதன்மீது ஏறிச் சென்றாலும் கட்டிய பகுதி நிலைக்கும் என்ற கேள்விக்கு விடை கண்டபின்னரே அணை எழும்பிற்று. சுண்ணாம்பும் சுர்க்கி எனும் செங்கல் தூளும் சேர்ந்த கலவையால் 155 அடி உயரத்துக்கு எழுப்பப்பட்ட அவ்வணை 1895 அக்டோபரில் சென்னை மாகாண ஆளுநர் வென்லாக் பிரபுவால் திறந்துவைக்கப்பட்டது.

இதே காலத்தில் வானிலை விஞ்ஞானமும் வளர்ந்து வந்தது. 1875இல் இந்திய வானிலைத் துறை நிறுவப்பட்டது. அதன் தலைவர் பிளான்போர்டு 1886 ஜூனில் முதன்முறையாகப் பருவமழைபற்றிய முறையான முன்னறிவிப்பை வெளியிட்டார். சூரியனுக்கும் மழைக்கும் உள்ள தொடர்பை அறியும் நோக்கம், கன்னிவாடிக்கு மேலே தெரியும் அதே மலைத்தொடரில், கொடைக்கானலில், 1899இல் ஆய்வுக்கூடம் அமையக் காரணங்களுள் ஒன்றாயிற்று. ஆனால் ஒரு பருவத்து மழை மிகுமா குறையுமா என்று சொல்லும் அறிவு, இந்தக் கிழமை அடித்தளம் தோண்டலாமா என்று கேட்பவனுக்குப் பயன்படவில்லை. 1881 நவம்பரில் அடித்த புயல், முடியும் தறுவாயில் இருந்த சென்னைத் துறைமுகத்து அலைதடுப்புச் சுவர்களைச் சிதைத்துப் பல ஆண்டு உழைப்பைக் கடலில் போட்டது. முன்னறிவிப்பின் குறையைக் காட்டிலும், கட்டி முடியாத சுவருக்குப் புயலைத் தாங்கும் பலம் வேண்டும் என்ற எண்ணத்தின் குறையே அங்கே மேலோங்கி நின்றதாக நான் கருதுகிறேன்.

அந்தப் பாடம் மேட்டூரில் தெளிவாகக் கைக்கொள்ளப்பட்டது. 1924 ஜூலையில் காவிரியில் வந்த பெருவெள்ளத்தைக் கண்டபின், விநாடிக்கு 4,56,000 கனஅடி வெள்ளம் வெளியேறும் வகையில் அணையின் உபரி வாய்கள் அமைக்கப்பட்டன; 1925இல் தொடங்கிய வேலை 1934இல் முடிந்தது.

இவ்வளவு அனுபவம் கைவசம் இருந்தும், இன்றைய சிறு வேலைகளில் அது மறக்கப்படுவதற்குக் காரணம் நிதியாண்டு. 1867 முதல் ஏப்ரல் 1இல் தொடங்கி மார்ச் 31இல் முடியும் இந்த ஆண்டுக்கணக்கை ஒட்டிச் சித்திரையில் ஒதுக்கீடு வந்து, கோடையில் மதிப்பீடும் ஒப்பந்தப்புள்ளியும் நடந்து, பணி ஆணை கைக்கு வரும்போது ஆவணியோ புரட்டாசியோ ஆகிவிடுகிறது. பள்ளம் தோண்டும் வேலை நேராக மழையின் வாயில் போய் விழுகிறது. பிறகு மார்ச்சுக்குள் பணத்தைச் செலவிடும் அவசரத்தில், எஞ்சிய வேலை முழுவதும் மாசி, பங்குனி வெயிலில் ஓட்டமாய் முடிக்கப்படுகிறது. வறண்ட வெப்பக் காலத்தில் கான்கிரீட்டைப் பத்து நாளுக்குக் குறையாமல் ஈரமாக வைக்கவேண்டும் என்று ஐ.எஸ். 456 இந்தியத் தரவிதி கூறுகிறது. சாக்கை நனைத்துப் போர்த்தும் அந்தப் பத்து நாளை அவசரக்காரர் தருவதில்லை. தாமதத்துக்கு மழையே காரணம் என்று கோப்பில் எழுதுவது எளிது. ஆண்டுதோறும் ஐப்பசியில் தவறாமல் வரும் மழையை எதிர்பாராத இடையூறு என்று எழுதுவது நியாயமன்று; அந்த நஷ்டம் கடைசியில் ஈரத்தில் வேலையிழந்து நிற்கும் சித்தாளின் தலையிலேயே விழுகிறது.

ஆகவே கன்னிவாடி போன்ற பேரூராட்சிகளிலும் ரெட்டியார்சத்திரம் போன்ற ஒன்றியங்களிலும் மதிப்பீடு தயாரிக்கும் பொறியாளர்களிடம் எனது விண்ணப்பம் இதுவே: மண் வேலையும் அடித்தளமும் தை முதல் வைகாசிக்குள் முடியும்படி, மதிப்பீட்டையும் ஒப்பந்தப்புள்ளியையும் முந்திய ஆவணிக்குள் ஆயத்தமாக்குங்கள்; உங்கள் ஊர் மழைமானியின் பல்லாண்டுப் பதிவைப் பார்த்து, மழையால் வேலை நிற்கக்கூடிய நாள்களையும் அந்நாள்களுக்குரிய கூலியையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.