முகப்பில் எது, அம்புக்குள் எது? கருவிப்பட்டைப் பொத்தானும் தமிழ்த் தட்டச்சும்

பழநி மலையடிவாரத்தில் தென்னந்தோப்புகளுக்கு நடுவே இருக்கிற ஊர் அய்யம்பாளையம். அங்கே அழைப்பிதழ் அடித்துத் தரும் கடை ஒன்றில் நான் பார்த்தது இந்தக் கட்டுரைக்கு முதல். போன வருடத் திருவிழா அழைப்பிதழ் பாமினி எழுத்துருவில் இருந்தது. கடைக்காரர் உபயதாரர் பட்டியலை நகலெடுத்தார். ‘பேஸ்ட்’ பொத்தானின் ஓரத்து அம்பை அழுத்தி, ‘அன்ஃபார்மேட்டட் டெக்ஸ்ட்’ என்பதைத் தேர்ந்தெடுத்தார். இணையத்திலிருந்து எதை எடுத்தாலும் அவர் அப்படித்தான் ஒட்டுவார். தேவையில்லாத நிறமும் அளவும் கூடவே வராது. இந்த முறை தமிழே வரவில்லை. ‘தமிழ்’ என்று இருந்த இடத்தில் ஜே, கே, பி, ஓ என நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் நின்றன.

பாமினியில் தமிழ் என்பது ஆங்கிலக் குறியீட்டின் மேல் போர்த்திய உருவம். போர்வையை உருவினால் அடியில் இருப்பது தெரியும். தமிழ் எழுத்துகளுக்கே தனிக் குறியீடு தரும் ஒருங்குறியை (யூனிகோட்) 2010-இல் தமிழக அரசு தரமாக ஏற்றுவிட்டது என்றாலும் கடைகளின் பழைய கோப்புகள் அரசாணை படிப்பதில்லை.

அந்த ‘பேஸ்ட்’ பொத்தானைப் போல, பொத்தானுக்குள் பட்டி (மெனு) வைப்பதற்கு இடச் சிக்கனமே காரணம் என்பார்கள். எனக்கு அது அரைக் காரணமாகவே படுகிறது. ஒன்றை முகப்பில் வைத்து மற்றதை அம்புக்குள் தள்ளும்போது, எது வழக்கம், எது விலக்கு என்று நிரலர் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார். நிரலர்கள் இடைமுகம் அமைக்கப் பயன்படுத்தும் க்யூடி (Qt) நூலகத்தின் கருவிப் பொத்தான் இதற்கு மூன்று வழி தருகிறது: அழுத்தியதுமே பட்டி விரிவது, அம்புக்குத் தனிப்பகுதி கொடுப்பது, சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் விரிவது. மூன்றாவதை யாரும் சொல்லித் தராமல் கண்டுபிடிப்பது அரிது. இரண்டாவதில் அம்பு மிகக் குறுகல். இலக்கு சிறுத்தால் அதை எட்டும் நேரம் கூடும் என்று உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954-லேயே காட்டியிருக்கிறார். ஆகவே அடிக்கடி வேண்டியது அம்புக்குள் கிடக்கக் கூடாது.

அப்படியானால் கடைசியாகத் தேர்ந்ததையே முகப்புக்குக் கொண்டுவந்துவிடலாமே என்று தோன்றும். லிப்ரே ஆபீஸில் எழுத்து நிறப் பொத்தான் அப்படித்தான் நடக்கிறது. அங்கே அது சரி. எந்த நிறம் வரப்போகிறது என்பதைப் பொத்தானின் அடிக்கோடே காட்டிவிடுகிறது. ஒட்டும் பொத்தானில் அந்த உத்தி ஆபத்து. படம் மாறாது, செயல் மட்டும் மாறியிருக்கும். அம்பைத் தொடாதவரின் பட்டியலும் குலைந்துபோகும். தன் நிலையை முகத்தில் காட்ட முடியாத பொத்தான் எதையும் நினைவில் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதே என் வாதம்.

இன்னொன்று, பட்டிக்குள் இருக்கும் பெயர். ‘ஃபார்மேட்’ போனால் ஆங்கிலத்தில் அலங்காரம் போகும்; பாமினியில் எழுத்தே போகும். அந்த வரியில் ‘எழுத்துரு இல்லாமல்’ என்று இருந்திருந்தால் கடைக்காரரின் கை ஒரு நொடி நின்றிருக்கும். அவர் ‘கன்ட்ரோல் இசட்’ அழுத்திவிட்டு, இரண்டாம் முறை பொத்தானின் முகப்பிலேயே அழுத்தினார். பெயர்கள் தமிழில் வந்தன.